ஏட்டில் எழுதாத காரணம்

பங்குக் குரு ஒருவரின் அலமாரியில் மூன்று ஏடுகள் தவறாமல் இருக்கும். திருமுழுக்கு ஏடு, திருமண ஏடு, இறப்பு ஏடு என்பன அவை. முதல் இரண்டையும் மகிழ்ச்சியோடு திறக்கிறோம். மூன்றாவதைத் திறக்கும்போது எந்தக் குருவின் கையும் சற்றே தயங்கும். இறந்தவரின் பெயர், வயது, துணைவர் பெயர், நோயில்பூசுதல் பெற்றாரா, எந்நாளில் அடக்கம் செய்யப்பட்டார் என்னும் விவரங்களோடு, நமது பங்கின் ஏட்டில் 'இறப்புக்குக் காரணம்' என்று ஒரு கட்டமும் உண்டு.

அண்மையில் ஒருவருக்குச் சான்றிதழ் எழுதித் தருவதற்காக அந்த மூன்றாம் ஏட்டைப் புரட்ட நேர்ந்தது. புரட்டிய நாம், தேடிய பெயரைக் கண்ட பின்னும் ஏட்டை மூடாமல், பல ஆண்டுகளின் சித்திரை, வைகாசி மாதப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். முதுமை, காய்ச்சல், மாரடைப்பு, நீரிழிவு, மறுபடியும் முதுமை. நமக்கு முன் இருந்த குருக்களின் கையெழுத்திலும், பின்னர் நமது கையெழுத்திலும் இவையே திரும்பத் திரும்ப வந்தன. வெயில் என்று ஓரிடத்திலும் இல்லை.

அப்படியானால் நமது பங்கில் வெயிலால் எவருமே இறக்கவில்லையா? இறந்தார். ஒருவரையேனும் நாம் நிச்சயமாக அறிவோம். அவர் பெயருக்கு நேரே 'முதுமை' என்று எழுதிய கை நமது கையே.

2024-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள். மாதத்தின் முதல் வெள்ளி. கோயிலுக்கு வர இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் முதல் வெள்ளிதோறும் வீடு தேடிச் சென்று நற்கருணை வழங்குவது பங்கு வழக்கம். அன்று பன்னிரண்டு வீடுகள். கோயில்பிள்ளை உடன் வரப் புறப்பட்ட நாம் எட்டாவது வீட்டை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. எழுபத்தெட்டு வயதான மூதாட்டி ஒருவர் அங்கே தனியே வாழ்ந்து வந்தார். மகன் திருப்பூரில் பனியன் ஆலையில் வேலை பார்க்கிறார். பழைய கீற்றுக் கூரையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டுக் கொடுத்தவர் அவரே. கட்டிலுக்கு மேலே சுழன்ற மின்விசிறி அனலைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

நாம் செபத்தைத் தொடங்கினோம். வழக்கமாக நம்மைவிட உரத்த குரலில் செபிக்கும் அந்த அம்மாள், கர்த்தர் கற்பித்த செபத்தின் நடுவிலே தடுமாறி வேறு செபத்துக்குத் தாவினார். பின்பு நம்மை முன்னிருந்த பங்குக் குருவின் பெயரைச் சொல்லி அழைத்தார். கோயில்பிள்ளை நம்மைப் பார்த்துச் சிரித்தார், நாமும் சிரித்தோம். வயதாகிவிட்டது, பாவம் என்று எண்ணினோம். நெற்றியில் சிலுவை அடையாளம் இட்டபோது விரல் சுட்டது. ஒரு துளி வியர்வை இல்லை.

"காய்ச்சலா அம்மா?" என்று கேட்டோம்.

"தலைவலிதான் சாமி. சுக்குத் தண்ணி குடிச்சாப் போயிடும்."

"படுத்திருங்கள் அம்மா. மாலையில் யாரையாவது அனுப்பி விசாரிக்கச் சொல்கிறோம்" என்று கூறி, வெளியே வீசிய அனற்காற்று உள்ளே வராதிருக்கட்டும் என்று கதவையும் சாத்திவிட்டு ஒன்பதாவது வீட்டுக்குப் போய்விட்டோம்.

மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தார். "சாமி, அப்பாயி எழுந்திரிக்க மாட்டேங்குது சாமி" என்றார். அதற்குப் பின் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. மறுநாள் அடக்கம். இரவு ஏட்டை எடுத்து எழுதினோம்: முதுமை.

சில நாட்களுக்குப் பின், அரசு மருத்துவராகப் பணிபுரியும் நமது பங்குப் பெண்மணி ஒருவர் துட்டி விசாரிக்க வந்திருந்தார். அவரிடம் பேச்சுவாக்கில் இதைக் கூறினோம். அவர் சிரிக்கவில்லை. "வியர்த்திருந்ததா சாமி? பேச்சு முன்பின்னாக இருந்ததா? உடம்பு சுட்டதா?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் விடை சொன்னோம். சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அது முதுமை இல்லை சாமி, வெப்பத் தாக்கு. அப்போதே தலையிலும் உடம்பிலும் தண்ணீரை ஊற்றி விசிறியிருந்தால்..." என்று தொடங்கியவர், நமது முகத்தைக் கண்டு வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

அந்த முடியாத வாக்கியந்தான் இக்கட்டுரையை எழுதச் சொல்கிறது.

குருமடத்தில் யூதித்து நூலைப் பாடமாகவே படித்தோம். அந்த வீரப் பெண்மணியின் நோன்பையும் துணிவையும் பற்றி மறையுரைகள் பல ஆற்றியிருக்கிறோம். ஆனால் அவள் எவ்வாறு கைம்பெண்ணானாள் என்பதை ஒரு தடவையேனும் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. எட்டாம் அதிகாரம் அதைக் கூறுகிறது. அவள் கணவன் மனாசே வாற்கோதுமை அறுவடைக் காலத்தில், வயலில் கதிர்க்கட்டுக் கட்டுவோரை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தபோது, வெயிலின் கொடுமை தலையைத் தாக்கிற்று. படுக்கையில் விழுந்து மாண்டுபோனான். திருநூல் ஆசிரியர் காரணத்தை மறைக்காமல் எழுதிவைத்தார். பங்கேட்டை எழுதிய நாமோ எழுதத் தவறினோம்.

வெயில் நமக்குப் புதியதன்று. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிந்து செல்லும் ஊர் நமது திருக்காட்டுப்பள்ளி. தண்ணீரால் பெயர் பெற்ற இவ்வூரில், சம்பந்தரும் அப்பரும் பாடிய பழைய சிவாலயத்து இறைவனுக்குத் தீயாடியப்பர் என்று பெயர்; அக்கினி வழிபட்ட தலம் என்பது இந்து சகோதரர்களின் மரபு. மே 4-ஆம் நாளளவில் தொடங்கி 28-ஆம் நாளளவில் முடியும் கத்திரியை நம் முன்னோர் அஞ்சியும் மதித்தும் வாழ்ந்தனர். நீராகாரமும் மோரும், திண்ணையும் புங்கமர நிழலும், உச்சிவேளையில் வேலை நிறுத்தும் வழக்கமும் அந்த அச்சத்தின் பிள்ளைகளே. "எங்கள் தாத்தா பார்க்காத வெயிலா?" என்று இன்றும் பலர் கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், வெயில் உடலை என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இறைவன் அமைத்த இவ்வுடல் வெளியே குளிராயினும் வெப்பமாயினும் உள்ளே ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் என்னும் நிலையிலேயே நிற்க முயல்கிறது. வெளிவெப்பம் அதைத் தாண்டும்போது உடலுக்கு உள்ள பெரிய ஆயுதம் வியர்வை ஒன்றே. வியர்வை வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை. காற்றிலே உலர்வதால்தான் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை உலர இடமில்லை. ஆகவே, வறண்ட ஊரில் 42 டிகிரியைத் தாங்கும் மனிதன், புழுக்கம் மிகுந்த ஊரில் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சாய்ந்துவிடக் கூடும். ஆறும் வாய்க்காலும் கடற்காற்றும் சேர்ந்த நமது காவிரிப் படுகையில், வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்வது அறிவுடைமை ஆகாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 'வெப்ப அலை' என்பதற்கு ஓர் அளவு வகுத்துள்ளது. சமவெளியில் பகல் வெப்பம் 40 டிகிரியையேனும் எட்டி, அந்நாளுக்குரிய வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் அது வெப்ப அலை, 6.4 டிகிரிக்கும் மேல் கூடினால் கடும் வெப்ப அலை. வழக்கம் எதுவாயினும் 45 டிகிரியைத் தொட்டாலே வெப்ப அலைதான். நாம் மேலே கூறிய அந்த மே முதல் வாரத்தில் தமிழகத்தின் உள்மாவட்டங்களுக்கு இத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டோம், கேட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

வானிலையாளரின் அளவு தேவையானதே. எனினும் உயிர் அந்த அளவுக்குக் காத்திருப்பதில்லை. அதே 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், கத்திரி முடிந்து நான்கு மாதங்கள் சென்றபின், சென்னை மெரினாக் கடற்கரையில் விமானப் படையின் சாகசக் காட்சியைக் காணத் திரண்ட பெருங்கூட்டத்தில் ஐவர் உயிரிழந்தனர். வெயிலின் தாக்கமே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. அந்த மாதத்திலேயே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் வகுத்தது. ஆனால் காரணம் ஏட்டிலே எழுதப்படாத இறப்புக்கு நிவாரணம் எங்கிருந்து வரும்?

வெயிலின் இயல்பே இதுதான். வெள்ளம் வந்தால் ஊரே பார்க்கும். புயல் வீசினால் மரம் சாய்ந்து கிடக்கும். வெயிலோ சுவரை இடிப்பதில்லை, கூரையைப் பெயர்ப்பதில்லை. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பிடித்து மேலும் ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போய்விடுகிறது. நாம் மாரடைப்பு என்கிறோம், முதுமை என்கிறோம்.

அகமதாபாது நகரில் 2010-ஆம் ஆண்டு மே மாதம் வெப்பம் 46.8 டிகிரி வரை ஏறிற்று. வெயிலால் இறந்தோர் என்று அப்போது எழுதப்பட்டவர் சிலரே. பின்னர் ஆய்வாளர்கள் அந்நகரின் இறப்புப் பதிவுகளை எடுத்து, அம்மாதத்தில் நாள்தோறும் இறந்தவர்களை எண்ணி, மற்ற ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தனர்! அவர்கள் பெயருக்கு நேரே என்னென்ன நோயோ எழுதியிருந்தது. அந்த எண்ணிக்கை கண்ணைத் திறந்ததால், 2013-ஆம் ஆண்டில் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, தெருக்களில் குடிநீர், மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி, ஏழைகளின் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு என்று எளிய காரியங்கள்தாம். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் இதனால் காக்கப்பட்டிருக்கலாம் என்று பின்வந்த ஆய்வு மதிப்பிட்டது.

தாத்தா பார்க்காத வெயிலா என்ற கேள்விக்கு இப்போது வருவோம். தாத்தா பார்த்த வெயில் வேறு; அதைவிட முக்கியமாக, தாத்தா வாழ்ந்த வீடு வேறு. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து மனிதர் வானிலே சேர்த்த புகையால் பூமி சூடேறி வருகிறது. இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்துவிட்டது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். சராசரி சற்றே ஏறினாலும் கொடிய நாட்கள் பன்மடங்கு பெருகும் என்பதே இதன் பொருள். திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு சுற்றுமடல் எழுதி, பூமியின் துன்பத்தை ஏழையின் துன்பத்தினின்று பிரிக்க இயலாது என்று நமக்கு நினைவூட்டினார்.

வீட்டின் கதையோ நம் கண்முன் நடந்தது. கீற்றுக் கூரை வெயிலை வடிகட்டும். நாட்டு ஓடு மூச்சுவிடும். தகரமும் ஆஸ்பெஸ்டாசும் பகல் முழுவதும் சூட்டை அப்படியே உள்ளே இறக்குகின்றன. கான்கிரீட்டுத் தளம் பகலில் குடித்த வெப்பத்தை இரவில் கக்குகிறது. பகலில் வாடிய உடல் இரவிலாவது தேற வேண்டும். இரவும் புழுங்கினால் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உடல் கடனிலேயே எழுகிறது. வெப்ப அலையில் முதல் நாளைவிட அடுத்தடுத்த நாட்கள் அதிகம் அஞ்சத்தக்கவை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் கீற்றுக்குத் திரும்புங்கள் என்று கூற நமக்கு வாய் வரவில்லை. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணம் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டதை இப்பகுதியில் யார் மறப்பார்? கூரைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். உள்ளே தட்டி கட்டுங்கள். மாலையில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். இந்த அளவு யாராலும் இயலும்.

ஆனால் அந்த அம்மாளைக் கொன்றது கூரை மட்டுந்தானா? இக்கேள்வியே நம்மை அதிகம் வருத்துகிறது. இதற்கு விடையைத் தொலைதூர நகரம் ஒன்றின் வரலாற்றிலே கண்டோம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1995-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரே வாரத்துக்குள் 739 பேர் வெப்பத்தால் இறந்தனர். செல்வமும் மருத்துவமும் நிறைந்த நகரம் அது. எரிக் கிளைனன்பெர்க் என்னும் சமூகவியலறிஞர் இறந்தோர் யார் யார் என்று ஆராய்ந்தார். பலர் தனியே வாழ்ந்த முதியோர். கதவையும் சன்னலையும் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தவர்கள். அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஏழைப் பகுதிகளை அவர் ஒப்பிட்டார். ஒன்றில் கடைவீதி ஒழிந்து, மக்கள் வெளியேறி, மிஞ்சிய முதியோர் வெளியே வர அஞ்சினர். மற்றதில் கடைகளும் கோயில்களும் தெருப்பேச்சும் நிறைந்திருந்தன. முதற்பகுதியின் இறப்பு விகிதம் இரண்டாவதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு! வெயில் ஒன்றே, வறுமையும் ஒன்றே. அண்டை அயல்தான் வேறு.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஐரோப்பாவில் வெப்ப அலை வீசிற்று. அக்கோடையில் அக்கண்டத்தில் 70,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பின்னர் கணக்கிடப்பட்டது. பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர். பிள்ளைகள் விடுமுறைக்குச் சென்றிருக்க, மாடி வீடுகளில் தனித்திருந்த முதியோர் அவர்களில் ஏராளம். உரிமை கோரி எவருமே வராத 57 பேரை பாரிசு நகருக்கு வெளியே தியே கல்லறையில் செப்டம்பர் 3-ஆம் நாள் அடக்கம் செய்தபோது, குடியரசுத் தலைவர் ஷிராக்கே வந்து நின்றார். ஒரு நாட்டின் தலைவர், அழ ஆளில்லாதவர்களுக்கு உறவினராக நின்ற காட்சி அது.

இவற்றைப் படித்தபோது, நமது ஊரில் இப்படி நேராது என்றுதான் முதலில் தோன்றிற்று. நமக்குத் தெருவும் திண்ணையும் உண்டே! ஆனால் பட்டியல் எடுத்துப் பார்த்தோம். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, தனித்து வாழும் முதியோரின் வீடுகள் நாம் எண்ணியிருந்ததைவிட மிகப் பல. திண்ணைகள் இடிக்கப்பட்டுச் சுற்றுச்சுவர்கள் எழுந்துவிட்டன. நமது பங்கும் மெல்ல மெல்ல அந்தப் பூட்டிய கதவுகளின் ஊராகிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஒரு கதவை நாமே அல்லவா சாத்திவிட்டு வந்தோம்?

ஆகவே, அன்பர்களே, அந்த மருத்துவப் பெண்மணி நமக்குக் கற்பித்ததை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

வெயிலில் தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை முதல் எச்சரிக்கைகள். உடனே நிழலுக்கு வந்து, ஆடையைத் தளர்த்தி, சிறிது சிறிதாகத் தண்ணீரோ உப்பிட்ட மோரோ குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் ஆயிற்று. நீரிழிவு உள்ளவர்களும், நீரைக் குறைத்துக் குடிக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகளும் தங்களுக்கு எவ்வளவு, எது என்று கோடைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகள் உடல் வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். அவற்றைத் தாமாக நிறுத்துவதும் தவறு. மருத்துவரைக் கேட்பதே முறை.

உடல் 40 டிகிரி, அதாவது பழைய கணக்கில் 104 டிகிரி அளவுக்குச் சுட்டு, பேச்சுக் குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால், அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றிருக்கலாம், வயலில் வேலை செய்தவராயின் வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். தடுமாற்றமே முக்கிய அடையாளம். முதியவர் ஒருவர் கோடையில் திடீரென்று பெயர் மாற்றி அழைத்தால் சிரிக்காதீர்கள். 108-க்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணி வையுங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. காற்றே 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது வெறும் மின்விசிறியும் உதவாது. உடலை நனைத்த பின்பே விசிறி உதவும்.

நிலமுடைய நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கத்திரியில் உளுந்து பறிக்கவும் எள் அறுக்கவும் வாழைக்கு மண் அணைக்கவும் ஆட்கள் வருகின்றனர். ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு நிறுத்துங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். புதிதாக வெயிலில் இறங்குபவருக்கு உடல் பழக ஓரிரு வாரம் வேண்டும்; முதல் நாளே முழு வேலை வாங்காதீர்கள். கருவுற்ற பெண்களை வெயிலில் நிறுத்தாதீர்கள். தமிழகத்தில் 800 கருவுற்ற பெண்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சி நிறுவனத்தார் நடத்திய ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் ஆபத்து இரு மடங்காகிறது என்று காட்டியது. யூதித்தின் கணவன் மேற்பார்வை பார்த்தவன். நிழலில் ஒதுங்க அவனுக்கு உரிமை இருந்தது. கட்டுக் கட்டிய கூலியாளுக்கு அந்த உரிமை கூட இருந்திராது.

மே மாதத்தில் பூண்டி மாதாவின் ஆண்டுப் பெருவிழாவுக்கு நடந்து செல்லும் பக்தர்களுக்கும் சொல்கிறோம். விடியலுக்கு முன்னும் மாலையிலும் நடங்கள், உச்சிவேளையில் தங்குங்கள். 2024 ஜூனில் மக்காவுக்குப் புனிதப் பயணம் சென்ற இசுலாமிய சகோதரர்களில் 1,300-க்கு மேற்பட்டோர் கடும் வெயிலில் மாண்டனர் என்னும் செய்தியை உலகமே துயரத்தோடு கேட்டது. தாயைக் காணச் செல்லும் பிள்ளை உயிரோடு போய்ச் சேர்வதையே எந்தத் தாயும் விரும்புவாள். வழியிலுள்ள நம் வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்ப் பந்தலாகட்டும்.

2025-ஆம் ஆண்டுக் கோடைக்கு முன் நமது பங்கில் ஓர் ஏற்பாடு செய்தோம். தனித்து வாழும் முதியோர் ஒவ்வொருவருக்கும் அவர்தம் அன்பியத்திலிருந்து ஒரு வீட்டார் பொறுப்பேற்றனர். காலை பதினொரு மணிக்கு ஒரு தடவை, மாலை நான்கு மணிக்கு ஒரு தடவை கதவைத் தட்ட வேண்டும். பகல் முழுவதும் பங்கு மண்டபம் திறந்திருக்கும். விசிறியும் பானைத் தண்ணீரும் அங்கே உண்டு. வெளியூரிலுள்ள பிள்ளைகளுக்கும் செய்தி அனுப்பினோம். தொலைபேசியில் "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்காதீர்கள்; எந்தத் தாயும் சௌக்கியம் என்றே சொல்வாள். "காலையிலிருந்து எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தாய்? சிறுநீர் சரியாகப் போகிறதா? இன்று என்ன கிழமை?" என்று கேளுங்கள். விடை தடுமாறினால் உடனே அயலாரை அழையுங்கள்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், நான்கு மணிக்குக் கதவைத் தட்டப்போன ஒன்பதாம் வகுப்புச் சிறுவன், தன்னை யாரென்று தெரியாமல் விழித்த தாத்தா ஒருவரைக் கண்டான். அவன் சிரிக்கவில்லை. கூக்குரலிட்டுத் தெருவைக் கூட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். நாம் போய்ச் சேர்ந்தபோது வாசலெல்லாம் சேறு; வண்டியும் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் அந்தப் பெரியவர் வீடு திரும்பினார். "பயல் என்னெப் போட்டு முக்கி எடுத்துட்டான் சாமி" என்று நம்மிடமே குறை சொன்னார். அந்தக் குறையைப் போல் இனிய சொல்லை நாம் நெடுநாளாய்க் கேட்டதில்லை.

இறப்பு ஏட்டில் நாம் எழுதிய அந்த ஒரு சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. திருத்தினாலும் அந்த அம்மாள் திரும்பப் போவதில்லை. ஆனால் இனி அந்தக் கட்டத்தை நிரப்பும் முன், கோடைக் காலமாயின், மருத்துவரைக் கேட்டே எழுதுகிறோம். வெயில் என்றால் வெயில் என்றே எழுதுகிறோம். உண்மையை எழுதினால்தான் அடுத்தவரைக் காக்கும் எண்ணம் ஊருக்கு வரும்.

இக்கோடையில் உங்கள் தெருவில் சாத்தியிருக்கும் கதவு எது என்று பாருங்கள். போய்த் தட்டுங்கள். திறக்கும்வரை தட்டுங்கள்.